ஜெனோவாவுக்குப் போகுமுன் வரைந்த முகங்கள்

இத்தாலிக்குப் போகப் போகிறேன் என்று வெசெலா சொன்னதும் கீழ்வீட்டு கின்கா கேட்ட முதல் கேள்வி, “கிழவனா, கிழவியா?” என்பதுதான்.

“கிழவனும் இல்ல, கிழவியும் இல்ல அக்கா. படம் வரையப் போறேன்.”

கின்கா கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இதுல என்னடி வெக்கம்? நானும் ஏழு வருஷம் இத்தாலியில, பார்மாவுல ஒரு கிழவிக்குக் கால் அமுக்கிட்டுத்தான் வந்தேன். என்கிட்டப் போயி மறைக்கிறியே.”

கின்காவைக் குற்றம் சொல்ல முடியாது. டான்யூப் ஆற்றங்கரை நகரமான ரூசேயில், அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில், யாராவது ஒருவர் வெளிநாட்டில் இல்லாத வீடே கிடையாது. இரண்டாம் மாடிப் பையன் ஜெர்மனியில் லாரி ஓட்டினான். மூன்றாம் மாடி அக்கா தங்கை இருவரும் ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். இத்தாலி என்றால் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. படம் வரைவதற்கென்று ஒருத்தி, அதுவும் ஐம்பதை எட்டப் போகிறவள், பெட்டி கட்டியதாக அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை.

சாயங்காலத்துக்குள் செய்தி மேல்மாடிவரை ஏறிவிட்டது. ஏறும்போதே வளர்ந்தும் விட்டது. கட்டடத்தின் வரவு செலவு, விளக்கு, குழாய் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் கான்ச்சோ படிக்கட்டில் வெசெலாவை நிறுத்தினார். ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. எதையும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்.

“படுத்த படுக்கையாமே, பாவம். பெரிய பணக்காரனாமே.”

“யாரு அண்ணே?”

“நீ பாத்துக்கப் போறவரு. இடுப்புக்கு ஒரு பெல்ட் வாங்கிக்க வெசெலா. தூக்கித் தூக்கி முதுகெலும்பு போயிடும். என் மச்சினிக்குப் போச்சு.”

வெசெலாவுக்குச் சிரிப்பு வந்தது. மறுத்துச் சொல்லிப் பார்த்தாள். அவர் புரிந்துகொண்டவரைப் போல அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வெசெலாவின் அப்பா கப்பல் கட்டும் துறையில் கப்பல்களுக்குப் பெயர் எழுதுகிறவராக இருந்தார். சாரத்தில் தொங்கிக்கொண்டு ஆளுயர எழுத்துகளை வெள்ளைச் சாயத்தில் தீட்டுவார். பள்ளிக்கூடம் விட்டதும் வெசெலா ஆற்றங்கரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெலிக்கோ தர்னோவோவில் ஓவியம் படித்துவிட்டு ஊர் திரும்பியபோது நாட்டில் பழைய ஆட்சி விழுந்து எல்லாமே தலைகீழாகிக் கிடந்தது. வேலை கொடுக்க யாரும் இல்லை. கிடைத்ததையெல்லாம் வரைந்தாள். ஒயின் பாட்டிலுக்கு லேபிள், பல் மருத்துவருக்கு வாசல் பலகை, மிட்டாய்த் தாள். பல் மருத்துவரின் பலகையில் அவள் வரைந்த கடைவாய்ப் பல் நகரில் கொஞ்ச காலம் பேசப்பட்டது.

அந்த நாட்களில்தான் ஆற்றுத் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டும் பிளாமெனைக் கல்யாணம் செய்துகொண்டாள். முதல் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனை உட்காரவைத்து வரைந்தாள். அவன் எழுந்துவந்து படத்தை நெடுநேரம் பார்த்தான்.

“நல்லாத்தான் இருக்கு. எங்க மாமாவ நீ எப்போ பாத்தே?”

அவன் கேலிக்காகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு அது அதிகமாக உறைத்தது. கல்லூரியிலும் அவளுக்கு முகம் மட்டும் வசப்பட்டதில்லை. மரம், படகு, பாத்திரம், நாய் எதுவானாலும் கை சொன்னபடி கேட்கும். மனித முகம் என்று வந்தால் வரைகிறவளுக்கும் தாளுக்கும் நடுவில் யாரோ வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் முகம் வரைவதையே விட்டுவிட்டாள்.

விட்டதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. தலைநகர் சோஃபியாவில் ஒரு பதிப்பகம் முதல் வகுப்பு வாசிப்புப் புத்தகத்துக்குப் படம் கேட்டது. வெசெலா நீலத் தொப்பி போட்ட ஒரு முள்ளெலியை வரைந்து அனுப்பினாள். போட்கோ என்று அதற்குப் பெயர். போட்கோ எழுத்து கற்றுக்கொண்டது, கூட்டல் போட்டது, சாலையைக் கடந்தது, பல் தேய்த்தது. வருடா வருடம் புதுப் பதிப்பு, புது வகுப்பு. இருபது வருடத்துக்கு மேல் நாட்டின் பிள்ளைகள் எல்லோரும் போட்கோவைப் பார்த்துத்தான் ‘அ’ எழுதினார்கள். வரைந்தவள் பெயர் யாருக்கும் தெரியாது. அது அவளுக்குச் சௌகரியமாகவே இருந்தது. கதையில் குழந்தைகள் வந்தால் முள்ளெலிக்குப் பின்னால் நிறுத்திவிடுவாள். இரண்டு புள்ளி கண், ஒரு கோடு வாய். அவர்கள் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுவிடுவாள். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

பிளாமெனோடு வாழ்ந்த வாழ்க்கை நடுவில் எங்கோ முடிந்துபோனது. சண்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒருநாள் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பேச எதுவுமே இல்லை என்பதைக் கவனித்தார்கள்; பிறகு அதைப் பற்றி நிறையப் பேசினார்கள்; பிரிந்தார்கள். அவன் மூன்று தெரு தள்ளி வீடு பார்த்துக்கொண்டான். குழாய் ஒழுகினால் இன்னமும் அவன்தான் வருவான். வந்தால் சூப் குடித்துவிட்டுத்தான் போவான்.

இத்தாலிக்குக் கிளம்பிய வருடம், வசந்தத்தில் பதிப்பகத்திலிருந்து தொலைபேசி வந்தது. புதுப் பதிப்பில் போட்கோவின் கையில் ஒரு செல்பேசி வேண்டுமாம். வெசெலா வரைய உட்கார்ந்தாள். முள்ளெலியின் குட்டைக் கைகள் செல்பேசியைப் பிடிக்கவில்லை. பெரிதாக்கினால் கை குரங்குக் கையாகிறது, சிறிதாக்கினால் செல்பேசி பிஸ்கட் போல இருக்கிறது. காலை முழுக்க அதோடு மல்லாடிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள். ஜன்னல் வழியே டான்யூபில் ஒரு தட்டைப்படகு கோதுமை ஏற்றிக்கொண்டு போயிற்று. புதுத் தாள் ஒன்றை எடுத்து அதை வரைந்தாள். மறுநாள் பளுதூக்கிகள், அதற்கு மறுநாள் பாலம். ஒரு மாதத்தில் ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. போட்கோ செல்பேசி இல்லாமல் காத்திருந்தது.

இணையத்தில் ஓர் அறிவிப்பைப் பார்த்துத்தான் அந்தப் படங்களின் நகல்களை அனுப்பினாள். ஜெனோவா துறைமுகத்துக்குப் பின்னால், பழைய கிடங்கு ஒன்றில், ஓவியர்கள் சிலர் சேர்ந்து பட்டறை வைத்திருந்தார்கள். ஒரு மேசை காலியாகிறது. ஒரு வருடத்துக்கு ஒருவருக்குத் தருவார்கள். வருகிறவர் அந்த வருடத்தில் சொந்தமாக ஒரு புத்தகம் செய்ய வேண்டும். தபாலில் போட்ட பிறகுதான் வெசெலாவுக்குப் பயம் வந்தது. பதில் வராது என்று தேற்றிக்கொண்டாள். வந்துவிட்டது.

பட்டறையை நடத்தும் ஒர்னெல்லா கணினித் திரையில் தோன்றிப் பேசினாள். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், பேசும்போது எதையாவது மென்றுகொண்டே இருந்தாள். இருவருக்கும் தெரிந்த ஆங்கிலம் சேர்ந்தால் ஒரு ஆளுக்குப் போதாது.

“படகெல்லாம் ரொம்ப நல்லாயிருக்கு. எங்க எல்லாருக்கும் பிடிச்சுது. அக்டோபர்ல வந்துடுங்க.” கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, “ஒண்ணு கேக்கணும். இதையெல்லாம் யார் ஓட்டறாங்க?” என்றாள்.

வெசெலா தன் படங்களைத் தானே பார்த்தாள். இருபதுக்கு மேல் படகு. ஒன்றில்கூட ஆள் இல்லை.

“ஆளுங்க உள்ள இருக்காங்க,” என்று சொல்லிச் சமாளித்தாள்.

“ஓகோ,” என்றாள் ஒர்னெல்லா. “வெளில வரச் சொல்லுங்க.”

அந்த வார்த்தை வெசெலாவை விடவில்லை. கடைக்குப் போகும்போதும் பாத்திரம் கழுவும்போதும் கூடவே வந்தது.

ஆகஸ்டு கடைசியில் கின்கா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கிழவியோ படமோ, எதுவானாலும் மொழி தெரியாமல் போகக் கூடாது. “தினம் கீழ வா. நான் சொல்லித் தர்றேன். ஏழு வருஷம் பேசின வாயி,” என்றாள்.

கின்காவின் சமையலறை மேசையில் பாடம் நடந்தது. சிவப்புக் குடைமிளகாய் வந்து இறங்கும் காலம். ஊர் முழுக்கப் பால்கனிகளில் மிளகாய் சுடும் வாசனை. கின்கா மூட்டை மூட்டையாக வாங்கிவைத்து, சுட்டு, ஈரத்துணியில் மூடி, தோலை உரித்துக்கொண்டே கற்றுக்கொடுத்தாள். வெசெலா சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வாயைத் திறங்க. மாத்திரையை முழுங்குங்க. காலைத் தூக்குங்க. பியானோ, பியானோ என்றால் மெதுவா, மெதுவா. சூப் சூடா இருக்கு. டாக்டர் நாளைக்கு வருவாரு. இன்னிக்கு வெளிக்குப் போனீங்களா?

“அக்கா, இதையெல்லாம் நான் யாருகிட்டச் சொல்றது?”

“ஏன், படம் வரையறவங்க வெளிக்குப் போக மாட்டாங்களா?”

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வெசெலா குறிப்பெடுக்கக் கொண்டுவந்த தாளில் கின்காவின் கைகளை வரைய ஆரம்பித்தாள். மிளகாய்த் தோலை உரிக்கும் கை. பேச்சு எங்கே போனாலும் அந்தக் கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை வந்தது. கை வந்ததும் முழங்கை வந்தது. மேலே ஏறி முகத்தையும் போட்டுப் பார்த்தாள்.

கின்கா எட்டிப் பார்த்தாள். “கை என்னோடதுதான். மூஞ்சி யாரோடது? தபால்காரரோடதா?”

“எனக்கு மூஞ்சி வராது அக்கா.”

“வராதுன்னா? அது பூனையா, கூப்பிட்டா வராம இருக்க? நான் இங்கதானே உக்காந்திருக்கேன். பாத்து வரை.”

தினமும் வரைந்தாள். தபால்காரர் போய்ப் பள்ளிக்கூட டீச்சர் வந்தாள், டீச்சர் போய் யாரோ ஒரு மந்திரி வந்தார். கின்கா ஒவ்வொன்றையும் பார்த்துத் தீர்ப்பு சொன்னாள். அவளுக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. தலையை வாரிக்கொண்டு, காதில் தோடு மாட்டிக்கொண்டு மிளகாய் உரிக்க உட்கார்ந்தாள்.

ஒருநாள் பாடம் திசைமாறிப் போயிற்று. ‘விளக்கை அணைக்கட்டுமா’ என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், பார்மாவில் தான் பார்த்துக்கொண்ட கிழவி அதேலேயைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அந்த அம்மாள் இறந்த அன்று கின்காதான் உடம்பைக் கழுவி, பிடித்தமான சாம்பல்நிறக் கவுனைப் போட்டுவிட்டிருக்கிறாள். தேவாலயத்தில் குடும்பத்தார் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கின்காவைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள்.

“நான் எதுவும் நெனைக்கல. அவங்க புள்ளைங்க, அவங்க உக்காரட்டும். ஆனா அந்தம்மாவுக்கு இடது காது கேக்காது. பாதிரியார் இடது பக்கமா நின்னு ஜெபம் பண்றாரு. எனக்கு எழுந்து போய்ச் சொல்லணும்னு இருந்துச்சு. செத்தவங்களுக்குக் காது எதுக்குன்னு கேப்பாங்களேன்னு பேசாம இருந்துட்டேன்.”

அதைச் சொல்லிவிட்டு மறுபடியும் மிளகாயை எடுத்தாள். வெசெலாவின் பென்சில் நிற்கவில்லை. கின்கா பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அது ஓடிக்கொண்டே இருந்தது. அதை அவளே அப்போதுதான் கவனித்தாள்.

கின்கா தாளை வாங்கிப் பார்த்தாள். முகம் மெல்லச் சிவந்தது.

“இத கிழிச்சுப் போடு.”

“ஏன் அக்கா? இதுதான் முதல் தடவையா—”

“தெரியுது. அதான் சொல்றேன், கிழிச்சுப் போடு. நான் அழுவுறேன் இதுல. நான் அழுவல. இனிமே பாடம் கிடையாது, போ. மிளகாயும் முடிஞ்சுபோச்சு.”

மிளகாய் இரண்டு மூட்டை மூலையில் அப்படியே இருந்தது.

வெசெலா கிழிக்கவில்லை. மாடிக்கு எடுத்துப் போய் மேசைமேல் வைத்துவிட்டு அதன்முன் உட்கார்ந்திருந்தாள். கின்காவைப் புண்படுத்தியது வருத்தமாக இருந்தது. ஆனால் அதன் அடியில், சொல்லக் கூசுகிற மாதிரி, ஒரு சந்தோஷமும் இருந்தது. அது கின்காதான். வேறு யாராகவும் இருக்க முடியாது. இத்தனை நாள் கண், மூக்கு, வாய் என்று எண்ணி எண்ணி வரைந்ததுதான் தப்பு என்று அவளுக்குத் தோன்றியது. பேசுகிறவளைக் கேட்டுக்கொண்டே வரைந்தபோது கை தானாகப் போயிருக்கிறது.

அதைச் சோதித்துப் பார்க்கக் கிடைத்தவர் கான்ச்சோ. தண்ணீர்க் கட்டணம் கேட்க வந்தவரை உட்காரவைத்து, எல்லைச் சுங்கச்சாவடியில் வேலை பார்த்த காலத்தைப் பற்றிக் கேட்டாள். அவர் தாழ்ந்த குரலில், ஒரு ருமேனியன் சக்கரத்துக்குள் காபிக்கொட்டை ஒளித்து வந்த கதையைச் சொல்லி முடிப்பதற்குள் படம் முடிந்துவிட்டது. கான்ச்சோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“நான்தான். என் அப்பா மாதிரியும் இருக்கேன்.” கொஞ்சம் யோசித்தார். “தலையில கொஞ்சம் முடி போடலாமே?”

“இருக்கிறதத்தானே அண்ணே போட முடியும்.”

“படம்தானே வெசெலா. போட்கோவுக்குத் தொப்பி போட்டியே. முள்ளெலி என்ன, தொப்பியோடயா பொறந்துச்சு?”

காதோரம் நாலு மயிர் சேர்த்தாள். அவர் திருப்தியாகக் கட்டணத்தை மறந்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து வாங்கிக்கொண்டார்.

செப்டம்பர் நடுவில், சனிக்கிழமை, கட்டடத்தின் முற்றத்தில் அண்டா ஏறியது. வருடா வருடம் எல்லா வீட்டு மிளகாயும் தக்காளியும் ஒன்றாகக் கொதித்து லூத்தெனிட்சா என்னும் விழுதாக ஆகும் நாள் அது. பெரியவர்கள் முறை வைத்துக் கிளறுவார்கள். முறை இல்லாதவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து ரக்கியா என்ற பழச்சாராயம் குடித்துக்கொண்டு கிளறுகிறவருக்கு யோசனை சொல்வார்கள். வெசெலா ஓர் அட்டையும் தாள்களும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். கின்கா அண்டாவுக்கு அந்தப் பக்கம் நின்று உப்பு போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வரைகிறாள் என்று தெரிந்ததும் முற்றத்தில் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வெசெலா காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில், சர்க்கரை போடலாமா கூடாதா என்ற சண்டை கிளம்பியது. எல்லோரும் அவளை மறந்துபோனார்கள். கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசும் கை, நம்பிக்கையில்லாமல் ருசி பார்க்கும் உதடு, புகையில் சுருங்கும் கண். தாள் தாளாகப் புரட்டினாள். சாப்பிடக்கூட மறந்துவிட்டாள். யாரோ அவள் வாயருகே ரொட்டித் துண்டைக் கொண்டுவந்தார்கள். மேலே சூடான விழுதும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும்.

“வாயைத் திறங்க,” என்று இத்தாலிய மொழியில் ஒரு குரல். கின்கா.

வெசெலா வாயைத் திறந்தாள்.

கின்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்டாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அந்தப் படத்த கிழிச்சுட்டியா?”

“இல்ல.”

“தெரியும். குடு என்கிட்ட. கிழிக்கறதுக்கு இல்ல. அதேலேயோட போட்டோ ஒண்ணு வச்சிருக்கேன், அலமாரிக் கதவுக்கு உள்பக்கம். பக்கத்துல ஒட்டிக்கறேன்.” முழங்கையால் ஒரு இடி இடித்தாள். “புத்தகத்துல வேணும்னா இன்னொண்ணு வரைஞ்சுக்க. ஆனா மூஞ்சியில இருக்கற மருவ எடுத்துடு.”

புத்தகம் என்று கின்கா சொன்னபோதுதான் வெசெலாவுக்கு அது பிடிபட்டது. ஜெனோவாவுக்கு என்ன கொண்டுபோவது என்று கோடை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். அது இங்கே அண்டாவைச் சுற்றி நின்று சர்க்கரைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் பதிப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள். பதிப்பாசிரியர் நல்ல பெண்மணி. சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தார். “நீங்க ஊர்ல இருக்க மாட்டீங்க, பதிப்பும் நிக்காது. போட்கோவ ப்ளோவ்டிவ்ல ஒரு தம்பிகிட்டக் குடுக்கலாம்னு பேசிக்கறோம். உங்களுக்கு மனசு கஷ்டமா இருந்தா சொல்லுங்க.”

வெசெலா தனக்குள் தேடிப் பார்த்தாள். நாள் முழுக்கப் போட்டிருந்த இறுக்கமான செருப்பைக் கழற்றின மாதிரி இருந்தது. “குடுங்க,” என்றாள். “செல்பேசி மட்டும் அவர் பாடு, அவரே பாத்துக்கட்டும்.” தொலைபேசியை வைத்த பிறகு கொஞ்சம் அழவும் செய்தாள். இருபது வருடத்துக்கு மேல் சோறு போட்ட பிராணி. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

வீட்டுச் சாமான்களைக் கட்டிவைக்கப் பிளாமென் வந்தான். சாவி அவனிடம் இருக்கும், செடிகளுக்குத் தண்ணீரும் அவன்தான். திருகாணிகளை வாயில் கவ்விக்கொண்டு அலமாரியைப் பிரித்துக்கொண்டிருந்தவனை வெசெலா வரைந்தாள். அவன் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தான். அப்புறம் திருகாணிகளைத் துப்பிவிட்டுக் கேட்டான்.

“திரும்பி வருவியா?”

“ஒரு வருஷம்தானே.”

“அதுக்கப்புறம்?”

“தெரியல பிளாமென்.”

“சரி, தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுதான் நல்லது.” கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். “இப்பவும் எங்க மாமா மாதிரித்தான் இருக்கு.”

“இப்ப நீயே உங்க மாமா மாதிரித்தான் இருக்க.”

அவன் சுவரில் இன்னும் கழற்றாமல் இருந்த கண்ணாடியில் போய்ப் பார்த்தான். “ஆமா,” என்றான் வியப்போடு. “எப்போ ஆச்சு இது?” இருவரும் சிரித்தார்கள். அன்று சூப்புக்குக் கிண்ணம் இல்லை, எல்லாம் கட்டியாகிவிட்டது. சட்டியிலிருந்தே இரண்டு கரண்டி போட்டுக் குடித்தார்கள்.

கிளம்பும் காலையில் வாசலில் கூட்டம். புக்கரெஸ்ட் விமான நிலையத்துக்குப் பிளாமென்தான் கார் ஓட்டினான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ருமேனியக் கரைக்குப் போய்விட்டால் சோஃபியாவைவிட அதுதானே கிட்டே. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஜாடி லூத்தெனிட்சா வந்தது. ஒருவரிடம் வாங்கினால் இன்னொருவரிடம் மறுக்க முடியாது. கின்கா செம்பிலிருந்த தண்ணீரை வாசற்படியில் கொட்டினாள், போகிற காரியம் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று. பாதி கான்ச்சோவின் காலணியில் விழுந்தது.

“நான் எங்கயும் போகலையே,” என்றார் அவர்.

“நீங்களும் நல்லாப் போயிட்டு வாங்க,” என்றாள் கின்கா. பிறகு வெசெலாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அழவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி முகத்தை வெளியே வைத்துக்கொண்டாள்.

விமான நிலையத்தில் பெட்டி அனுமதித்த எடையைத் தாண்டிவிட்டது. இரண்டு ஜாடிகளைக் கம்பளிச் சட்டைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு மீதியைப் பிளாமெனிடமே கொடுத்தாள். “யாரோடத விட்டுட்டுப் போனேன்னு சொல்லிடாத,” என்றாள். அவன் அந்தக் குளிர்காலம் முழுக்கத் தினமும் அதைத்தான் சாப்பிட்டதாகப் பின்னாளில் சொன்னான்.

ஜெனோவாவில் மழை. பட்டறையின் படிக்கட்டு ஆள் ஏறுவதற்கே குறுகல். வெசெலாவுக்குத் தரவேண்டிய மேசையை மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. ஒர்னெல்லா மேலே, வெசெலா கீழே. நடுவளைவில் மேசை மாட்டிக்கொண்டது. வெசெலாவுக்குத் தெரிந்த இத்தாலிய மொழி முழுவதும் வாயில் வந்து நின்றது.

“பியானோ, பியானோ. காலைத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆ, சபாஷ், நல்ல அம்மா.”

ஒர்னெல்லா மேசையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். “நீ எந்த ஆஸ்பத்திரியில மொழி கத்துக்கிட்டே?” வெசெலா சொன்னாள், கையாலும் முகத்தாலும் பாதி. மேசை மேலே போனதும் ஜாடி ஒன்றைத் திறந்தார்கள். ஒர்னெல்லா, கடலைமாவில் சுட்ட தட்டை ரொட்டியில் அதைத் தடவி நின்றபடியே தின்றாள். பட்டறையில் மற்றவர்களும் வந்து கை நீட்டினார்கள். அன்று மாலைக்குள் ஜாடி காலி.

அந்தக் குளிர்காலம் வெசெலா முற்றத்தை வரைந்தாள். கொண்டுவந்த தாள்களை விரித்துவைத்து, அண்டாவைச் சுற்றி ஒவ்வொருவராக நிற்கவைத்தாள். சிலரது குரல் ஞாபகம் வராவிட்டால் தொலைபேசியில் கூப்பிட்டு, எதையாவது பேசவைத்துக் கேட்டுக்கொண்டே வரைந்தாள். கோடையில் பட்டறையே புத்தகத்தைச் சின்ன அளவில் அச்சிட்டது. பெரிய பெயர் எதுவும் வந்துவிடவில்லை. இரண்டு பள்ளிகள் வாங்கின, ஒரு புத்தகக் கடை ஜன்னலில் வைத்தது. ரூசேக்கு ஒரு கட்டு போயிற்று. யாருக்கு மரு இருக்கிறது, யாருக்கு முடி இருக்கிறது என்று படிக்கட்டில் ஒரு வாரம் வாதம் நடந்ததாகக் கேள்வி. ஒர்னெல்லா மேசையை இன்னொரு வருடத்துக்கு அவளுக்கே விட்டுவைத்தாள். வெசெலா போய் ஊரில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, இலையுதிர்காலத்தில் திரும்பி வந்தாள்.

இப்போது காலை வேளைகளில் மீன் அங்காடிக்குப் போகிறாள். நெத்திலிக் கூடைகளுக்குப் பின்னால் ஒரு பருத்த பெண் இருக்கிறாள். வாய் ஓயாமல் யாரையாவது திட்டிக்கொண்டே மீன் நிறுக்கிறவள். வெசெலா முதல் நாள் அட்டையை எடுத்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன பண்றே?”

“உங்கள வரையறேன்.”

“வரைஞ்சுக்க. வெளிச்சத்த மறைக்காம அந்தப் பக்கம் தள்ளி நில்லு.”

வெசெலா தள்ளி நின்றுகொண்டாள். அந்தப் பெண் அடுத்த ஆளைத் திட்ட ஆரம்பித்தாள்.